உன் மகள் படுக்கைக்கு அடியில் இருந்த கேன்கள்

சரவணா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாக இருந்திருந்தால் நீ இந்தக் கட்டில் பலகையைத் தூக்கியிருக்கவே மாட்டாய். இந்தக் காகிதம் உன் கைக்கு வந்திருக்கிறது என்றால் உன் வண்டி பெட்ரோல் தீர்ந்து எங்கோ நடுரோட்டில் நிற்கிறது. நீ பின்கதவைத் திறந்து, மிதுனாவை எழுப்பிவிட்டு, அவள் மெத்தையைச் சுருட்டி, அடியில் இருக்கிற பெட்டியைத் திறந்திருக்கிறாய். நீ வைத்த இரண்டு பெட்ரோல் கேன்கள் அங்கே இல்லை. அதே இடத்தில் இரண்டு கேன் தண்ணீர் இருக்கிறது. நல்ல தண்ணீர்தான், குடிக்கலாம். அவசரத்தில் டேங்க்கில் ஊற்றிவிடாதே. பக்கத்தில் ஒரு டப்பாவில் முறுக்கும் பொட்டுக்கடலை உருண்டையும் வைத்திருக்கிறேன், அது குழந்தைக்கு. இப்போது நீ என்னைத் திட்டுவாய். திட்டு, உத்திரமேரூர் வரைக்கும் கேட்காது. திட்டி முடித்ததும் நிழல் பார்த்து உட்கார்ந்து இதைப் படி. வேறு வேலை இல்லாதபோதுதான் நீ என் பேச்சைக் கேட்பாய் என்பதால் இப்படி ஒரு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று.

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் ஒட்டிப்போன பிறகு இடது கையால் எழுதப் பழகினவள் நான். ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்த கை, கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போனது. பேனாவையாவது விடக்கூடாது என்று பிடித்துக்கொண்டேன். நாலு நாளாக, நீ வாசலில் வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து, சமையல் அறையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். நேரில் சொன்னால் என்ன என்று கேட்பாய். நேரில் பேசினால் நீ என் முகத்தைப் பார்ப்பதில்லை. என் இடது காதைப் பார்த்துத்தான் பேசுவாய். வேகாமல் தப்பித்தது அந்த ஒரு காதுதான், அதனால் உன்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இருபத்தேழு வருஷமாக உன் பேச்சையெல்லாம் அந்தக் காதுக்கே சொல்லிப் பழகிவிட்டாய். காகிதத்துக்கு முகம் இல்லை. இதையாவது நேராகப் பார்.

போன வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூஜை போட்டாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். குடும்பத்தோடு மலை சுற்றப் போக என்று பழைய ஸ்கூல் வேனை வாங்கி, சீட்டைக் கழற்றி, கட்டில் போட்டு, கேஸ் அடுப்பு வைத்து, மேலே சோலார் பலகை மாட்டி, ஆறு மாதம் பாடுபட்டாய். அதை நான் குறை சொல்லவில்லை. தெருவே வந்து பார்த்தது. உன் பெண்டாட்டி பவித்ரா நல்ல பெண், மரியாதை தெரிந்தவள். தட்டில் சூடத்தை வைத்து, "அத்த, நீங்களே காட்டுங்க, பெரியவங்க கையால ஆவட்டும்" என்று என்னிடம் நீட்டினாள். நான் கையை நீட்டியதும் நீ குறுக்கே வந்தாய். "அய்யோ, அம்மா கிட்ட குடுக்காத. அம்மாவுக்கும் சூடத்துக்கும் ஆவாது. நீ எட்டி நில்லும்மா, வண்டி பத்திக்கப் போவுது" என்றாய். தெருவில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அதோடு விட்டாயா, தட்டிலிருந்த சூடத்தை எடுத்துத் தூர எறிந்துவிட்டு, பேட்டரியில் எரிகிற பிளாஸ்டிக் மெழுகுவத்தி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாய். சேஃப்டி முக்கியம் என்று ஃபோனைப் பார்த்துச் சொன்னாய், வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. சாமிக்கு பேட்டரி விளக்கைச் சுற்றிக் காட்டின முதல் ஆள் இந்தத் தெருவில் நீதான்.

சேஃப்டி உன் தொழில், தெரியும். ஒரகடத்துக் கம்பெனியில் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு, புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நெருப்பை எப்படி அணைப்பது என்று வகுப்பு எடுக்கிறாய். வண்டியிலும் கதவோரம் ஒரு சிவப்பு சிலிண்டரை மாட்டி, அதையும் வீடியோவில் காட்டினாய். ஊருக்குத்தான் உபதேசம். அன்றைக்குச் சாயங்காலம் மிதுனா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வண்டிக்குள் தன் படுக்கையைக் காட்டினாள். ஏழு வயதுப் பெண்ணுக்குத் தனியாக ஒரு கட்டில், தலைமாட்டில் ஜன்னல், பெருமை தாங்கவில்லை. "ஆயா, இங்க மோந்து பாரு. என் பெட்டுல பெட்ரோல் வாசன வருது. சூப்பரா கீது" என்று மெத்தையில் முகத்தைப் புதைத்து இழுத்தாள். அவளைக் கீழே இறக்கிவிட்டுப் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். கடலை எண்ணெய் வருகிற பத்து லிட்டர் பிளாஸ்டிக் கேன், இரண்டு, கழுத்து வரைக்கும் பெட்ரோல். இரண்டிலும் மூடிக்கு அடியில் பால் கவரை வெட்டி வைத்துத் திருகியிருந்தாய். மூடியைச் சுற்றி அந்தக் கவரின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து இரண்டு அடி தள்ளி உன் கேஸ் அடுப்பு.

உன்னிடம் அப்போதே சொன்னேன், ஞாபகம் இருக்கும். "டேய், பெட்ரோல வண்டிக்குள்ள வைக்காதடா, புள்ள படுக்கற எடம்" என்றேன். நீ ஸ்பானரைக் கீழேகூட வைக்கவில்லை. "டைட்டாதாம்மா கீது. பால் கவர் வெச்சி மூடிக்கீறேன், ஒரு சொட்டு சிந்தாது. நைனா இப்டிதான எடுத்துக்கினு போவும்? இன்னா ஆச்சி அதுக்கு?" என்றாய். நான் இன்னும் ஏதோ சொல்ல வந்தேன். "உனக்கு அந்த ஷாக்கு இன்னும் போவலம்மா. எதப் பாத்தாலும் பயம்" என்று என் காதைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டாய்.

இன்னா ஆச்சி என்று கேட்டாய் அல்லவா. சொல்கிறேன். உன் நைனா இதைத்தான் செய்தார், இதனால்தான் ஆயிற்று. என் முகம்தான் இப்படி ஆயிற்று.

உனக்குத் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது. உங்க அம்மா நைலக்ஸ் சேலை கட்டிக்கொண்டு, கவனம் இல்லாமல் சூடம் கொளுத்தினாள், சேலையில் பட்டது, எரிந்தாள். அந்தக் கதையைத் தெருவுக்குத் தெரியும், சொந்தக்காரர்களுக்குத் தெரியும், உன் மாமனார் வீட்டுக்கும் தெரியும். அதில் சேலை மட்டும்தான் நிஜம். உங்க நைனா மைக் செட், சீரியல் லைட், ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு வேன். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று எந்த ஊருக்குப் போனாலும் நடுவில் ஜெனரேட்டர் நின்றால் மானம் போகும் என்று, கடலை எண்ணெய் கேனில் பெட்ரோல் பிடித்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். மூடி லொடலொடவென்று ஆடும், அதனால் பால் கவரை வெட்டி வைத்துத் திருகுவார். அன்றைக்குச் சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை. உனக்கு முழுப்பரீட்சை, பள்ளிக்கூடம் போய்விட்டாய். பெருநகரில் ஒரு கல்யாணத்துக்குப் போக, காலையிலேயே சாமான்களை ஏற்றிக் கதவை மூடி, வண்டியை வெயிலில் நிறுத்தியிருந்தார். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வண்டியிலிருக்கிற முருகன் படத்துக்குச் சூடம் காட்டிவிட வேண்டும் என்று நான் தட்டோடு ஓடினேன். வாசலிலேயே கொளுத்திக்கொண்டு, கதவைத் திறந்து, உள்ளே குனிந்தேன்.

பக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். நீலமாக நெருப்பு கீழே இருந்து வந்தது. இதை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். சூடத் தட்டு என் கையில் மேலே இருந்தது. நெருப்பு வண்டியின் தரையிலிருந்து கிளம்பி மேலே வந்தது. முதலில் முகம், பிறகு கை, கடைசியில்தான் சேலை. பெட்ரோல் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை, நீ சொன்ன மாதிரியேதான். சிந்த வேண்டிய அவசியமே இல்லை. மூடின வண்டி, வெயில், அதன் ஆவி தரையோடு தரையாகப் பரவி, யார் நெருப்போடு வருவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தது. உங்க நைனா ஜமக்காளத்தை எடுத்துவந்து என் மேல் போட்டு அமுக்கி அணைத்தார். அதை நான் மறைக்க மாட்டேன், அவர்தான் அணைத்தார். அணைத்த கையோடு, பற்றாமல் தப்பிய அந்தக் கேனை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் கத்தரித் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தார். ஜமக்காளத்துக்குள் இருந்து அதையும் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் ஒருவர் நோட்டோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். கல்யாணமான பெண் எரிந்துபோய் வந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும், அவர் வேலை அது. "எப்டிம்மா ஆச்சி? பயப்படாம சொல்லு. யார்னா ஊத்துனாங்களா?" என்றார். உங்க நைனா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பெட்ரோல் என்ற வார்த்தையைச் சொன்னால் அவரை அங்கேயே கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். பெண்டாட்டி எரிந்து கிடக்கிறாள், வீட்டில் பெட்ரோல் கேன் இருக்கிறது, புருஷன் மேல் ஒரு காயமும் இல்லை என்றால் யார்தான் நம்புவார்கள்? நான் பிழைக்க மாட்டேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், நானும்தான். அம்மாவும் இல்லாமல் அப்பாவும் ஜெயிலில் இருந்தால் உன்னை யார் பார்ப்பார்கள்? "சூடம் சேலையில பட்டுக்கிச்சி சார். என் தப்புதான்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். என் இடது கட்டைவிரலில் மை தடவி ரேகை வைத்துக்கொண்டார். செத்திருந்தால் அது நல்ல பொய்யாக இருந்திருக்கும். பிழைத்துவிட்டேன், அதனால் அந்தப் பொய்யோடு குடும்பம் நடத்த வேண்டியதாகிவிட்டது.

முதல் ஒரு வருஷம் உங்க நைனா என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டாவது வருஷம் அழுவதை நிறுத்திவிட்டார். மூன்றாவது வருஷம் டீக்கடையில் யாரோ கேட்டதற்கு, "எவ்ளோ தபா சொன்னேன், நைலக்ஸ் கட்டிக்கினு சூடங்கிட்ட போவாதன்னு. பொம்பள சொன்னா கேட்டாதான?" என்று சொன்னாராம். எனக்கு வந்து சொன்னார்கள். அப்புறம் அவருக்கே அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது. நடிக்கவில்லை சரவணா, நிஜமாகவே நம்பினார். வீட்டிலிருந்த நைலக்ஸ் சேலை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு எனக்குப் பருத்திச் சேலையாக வாங்கிவந்தார். என்னைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வதாக அவருக்கு ஒரே பெருமை. கேன் மட்டும் அதே சீட்டுக்குப் பின்னால், அதே பால் கவரோடு, அவர் தொழிலை விடும்வரை போய்வந்துகொண்டே இருந்தது. மறுபடி பற்றாதது அவர் சாமர்த்தியம் இல்லை. அதற்கப்புறம் அந்த வண்டிக்கு யாரும் சூடம் காட்டவில்லை, அவ்வளவுதான்.

நீ அவரை உத்தமர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் போனபோது, வெந்த முகத்தோடு இருந்த பெண்டாட்டியை வைத்துக் காப்பாற்றிய மனுஷன் என்று வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாய். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கெட்டவர் இல்லை. கோழை. கெட்டவன் என்றால் அவனிடமிருந்து தப்பிக்க வழி பார்க்கலாம். கோழையோடு வாழ்ந்தால் அவன் பயத்தையும் சேர்த்து நாம்தான் சுமக்க வேண்டும். செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று கேட்பாய். செத்தவர் உன் வண்டியில் உட்கார்ந்து மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறார், அதனால் எழுதுகிறேன்.

உன்னையும் விடப்போவதில்லை. இரண்டு மாதம் கழித்து நான் வீட்டுக்கு வந்தபோது நீ உங்க நைனா காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "இது எங்கம்மா இல்ல" என்றாய். ஏழு வயது, மன்னித்துவிட்டேன். பத்து வயதில், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள் என்றால் நைனா மட்டும் வந்தால் போதும் என்றாய். அதையும் விட்டுவிட்டேன். கல்யாணத்தில் உனக்கு இருபத்தைந்து வயது. ஸ்டுடியோக்காரனிடம் சொல்லி ஆல்பத்தில் என் முகத்தைச் சரிசெய்ய வைத்தாய். வழவழவென்று, இரண்டு பக்கமும் காது, புருவம் எல்லாம் வைத்து ஒருத்தியைப் போட்டுக் கொடுத்திருக்கிறான். "சூப்பரா கீதில்லம்மா?" என்று கொண்டுவந்து காட்டினாய். உன் பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நிற்கிற அந்தப் பெண் யாரென்று எனக்குத் தெரியாது. நான் அன்றைக்குக் காலையிலிருந்து நின்று கால் வீங்கிப்போய்க் கிடந்தேன், படத்தில் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஆல்பத்தை மறுபடி நான் தொட்டதில்லை.

என் தப்பையும் எழுதத்தான் வேண்டும். போலீஸ்காரரிடம் சொன்ன பொய் இல்லை, அதைவிடப் பெரியது. உனக்குப் பதினைந்து வயது இருக்கும். லீவு நாளில் உங்க நைனாவோடு கல்யாண வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாய். ஒருநாள் குழாயடியில் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாலடி தள்ளி அவர் உனக்குக் கேன் மூடக் கற்றுக்கொடுத்தார். "கவர ரெண்டா மடி. ஆங், இப்ப வெச்சித் திருவு. அவ்ளோதான், ஒலகமே தலகீயா நின்னாலும் சிந்தாது" என்றார். நீ கேனைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாய், இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் கையில் சாம்பலோடு பார்த்துக்கொண்டு இருந்தேன். அன்றைக்கு எழுந்து வந்து, அந்தக் கேனைப் பிடுங்கி எறிந்து, என் முகத்தைக் காட்டி, இதுதாண்டா இந்தக் கவர் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்பாவும் பிள்ளையும் சிரிக்கிறபோது நடுவில் போய் மறுபடி பேய் மாதிரி நிற்க எனக்கு இஷ்டமில்லை. வாயை மூடிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவினேன். அந்த மௌனத்தின் மேல்தான் இப்போது உன் மகள் படுத்திருந்தாள்.

யோசித்துப் பார்த்தால், உனக்குத் தப்பான பாடத்தைக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். என் பொய்யைக் கேட்டு வளர்ந்ததால் நீ சூடத்துக்குப் பயப்படுகிறாய், என்னைப் பார்த்துப் பயப்படுகிறாய், பெட்ரோலுக்குப் பயப்படத் தெரியவில்லை. என்னை எட்டி நில் என்று சொல்லிவிட்டு, என்னை எரித்ததை எடுத்துப் பிள்ளையின் தலைமாட்டில் வைத்தாய். உன்மேல் எனக்கு வருகிற கோபத்தில் பாதி என்மேல் வர வேண்டியது. பாதிதான். மிச்சம் உன்னுடையது.

நேற்று மத்தியானம் நீயும் பவித்ராவும் குளிருக்கு ஸ்வெட்டர் வாங்க காஞ்சிபுரம் போனீர்கள், குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நாளைக் காலை கிளம்ப நாள் குறித்திருந்தாய், எனக்கு அந்த ஒரு மத்தியானம்தான் மிச்சம். எதிரே இருக்கிற மெக்கானிக் பாஷா பாயைக் கூப்பிட்டேன். அவர் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார். "இன்னாக்கா இது? புள்ள படுக்கற எடத்துலயா? பெட்ரோல்ல பால் கவர் ஊறி எளகிப் போய்டும்க்கா. பாக்க டைட்டாவாட்டம் இருக்கும், மூச்சு வுட்டுக்கினே கீது பாரு" என்று மூடியில் கையை வைத்துக் காட்டினார். வண்டிக் கதவை எல்லாம் திறந்துபோட்டு, இரண்டு கேனையும் அவரே தூக்கிக்கொண்டு போனார், பார்ட்ஸ் கழுவ ஆகும் என்று. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றேன். "நமக்கு எதுக்குக்கா அந்தப் பேஜாரு" என்றார்.

அவரிடமே கேட்டும் வைத்துக்கொண்டேன், ஏனென்றால் நீ போகிற மலைப் பக்கம் பெட்ரோல் பங்க் கிடையாது என்று நீ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாய். எண்ணெய் கேன், தண்ணீர் கேன், எந்த பிளாஸ்டிக்கும் ஆகாது. பெட்ரோலுக்கென்றே செய்த இரும்புக் கேன் விற்கிறது, ரப்பர் வாஷரோடு திருகுமூடி வைத்தது, பெரிய ஊர்களில் கிடைக்கும். அதையும் கழுத்து வரைக்கும் நிரப்பாதே, வெயிலில் உப்பும், மேலே நாலு விரல் இடம் விடு. பங்க்கில் பிடிக்கும்போது கேனை வண்டிக்குள் வைத்துப் பிடிக்காதே, இறக்கித் தரையில் வைத்துப் பிடி. வண்டிக்குள் தரைவிரிப்பு மேல் இருக்கிற கேனில் சின்னப் பொறி கிளம்பினாலே போதும் என்றார் பாய். ஆட்கள் இருக்கிற இடத்துக்குள் ஒருநாளும் வைக்காதே. வண்டிக்கு வெளியே கம்பி அடித்து, நிமிர்த்தி வைத்து, ஆடாமல் பெல்ட் போட்டுக் கட்டு. அடுப்பு, சைலன்சர் இரண்டுக்கும் தூரமாக இருக்க வேண்டும். டேங்க்கில் ஊற்றுவதற்கு முன்னால் எஞ்சின் ஆற வேண்டும், குழந்தை இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். மலை ஏறுவதற்கு முந்தின ஊரில் பிடி, இறங்கின ஊரில் காலி செய். அதுவரைக்கும் உனக்குக் கேனே தேவையில்லை. வழி முழுக்க பங்க் இருக்கிறது, பெட்ரோல் முள் பாதிக்கு வந்தால் நிறுத்தி நிரப்பு. இப்போது மலைக்கு முன்னாலேயே நின்றிருக்கிறாய் என்றால், கேன் இருக்கிறது என்ற திமிரில் பங்க்கைத் தாண்டித் தாண்டி வந்திருக்கிறாய். என்னைத் திட்டினதில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்துக்கொள்.

முடிக்கப் போகிறேன், விரல் வலிக்கிறது. நேற்று பாய் கேனைத் தூக்கும்போது பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றது மிதுனா. ஆமாம், உன் மகளுக்கு எல்லாம் தெரியும். பெட்டியில் இருப்பது தண்ணீர் என்று தெரிந்துகொண்டே அதன்மேல் படுத்து இத்தனை தூரம் வந்திருக்கிறாள். "டாடி கிட்ட சொல்லட்டா ஆயா?" என்று கேட்டாள். "கேட்டா சொல்லு" என்றேன். வழியெல்லாம் நீ அவளை ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது. நீயும் அந்த வயதில் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நைனாவைக் கேட்டாய், அவர் ஒரு கதை சொன்னார், அதோடு சரி. இருபத்தேழு வருஷத்தில் ஒரு நாள்கூட, எப்படி ஆச்சும்மா என்று நீ என்னைக் கேட்டதில்லை. போலீஸ்காரர் கேட்டார், அவருக்கும் யார் ஊற்றினார்கள் என்பதுதான் வேண்டியிருந்தது.

உன் மகள் கேட்டாள். பாய் போன பிறகு அந்தக் காலிப் பெட்டியைக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். காதை இல்லை, முகத்தை. "ஆயா, அன்னிக்கும் இதே வாசனதான் வந்துச்சா?" என்றாள். பொய் சொல்ல வரவில்லை. வந்தது என்றேன். கதவைத் திறந்ததும் குப்பென்று வந்தது, தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது, தினமும் வருகிற வாசனைதானே என்று குனிந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்க நைனாவிடம்கூட. அவள் வண்டியில் ஏறி, தன் மெத்தையை இழுத்துக்கொண்டுவந்து வெயிலில் போட்டாள்.

பங்க் எவ்வளவு தூரமோ, நடந்து போ. அவளையும் கூட்டிக்கொண்டு போ, கையைப் பிடித்துக்கொள். உங்க ஆயாவுக்கு என்ன ஆச்சு என்று வழியில் அவளிடம் கேள். அவள் சொல்வாள்.

அம்மா